நகர வேண்டியவர் யார்? – ‘அட்சசுட்டு’ என்னும் ஒரு வினைச்சொல்

திண்ணையில் வந்து அமரும் அயலான் வேறு. அடுக்களைக்குள் புகும் அயலான் வேறு. ஒரு மொழியில் அயற்பெயர்கள் வந்து சேர்வது முன்னதைப் போன்றது. அயல்வினைகள் வந்து சேர்வது பின்னதைப் போன்றது. திண்ணையில் அமர்ந்தவனை எழுப்பி அனுப்பிவிடலாம். அடுக்களைக்குள் புகுந்தவன் எந்தப் பானையைக் கவிழ்த்தான், எந்த உலையை அவித்தான் என்று கண்டறிவதற்குள் வீட்டார் பட்டினி கிடக்க நேரும். கொங்கு நாட்டுத் தமிழரின் அடுக்களைக்குள் அவ்வாறு புகுந்து, பல பானைகளைக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் அமர்ந்திருக்கும் ஓர் ஆங்கில வினை உண்டு. ‘அட்சசுட்டு’ என்பது அதன் பெயர்.

காலைப் பொழுதில் காந்திபுரத்திலிருந்து உக்கடம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி நிற்பார்க்கு அச்சொல் முதலில் காதில் விழும். இருவர் அமரும் இருக்கையில் மூன்றாமவர் ஒருவர் வந்து நின்று, “கொஞ்சம் அட்சசுட்டுப் பண்ணிக்குங்க” என்கிறார். இதே ஊரில், இதே நெரிசலில், முந்தைய தலைமுறைப் பாட்டிமார் சொன்ன சொல் வேறு. “சித்தே அக்கட்ட நகந்துக்குங் கண்ணு” என்றனர் அவர்கள். எழுத்தறியாத வாயிலிருந்து வந்த அச்சிறு தொடரை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டியது என்ன? நகர்தல். எந்தப் பக்கம்? அக்கட்ட. எவ்வளவு? சித்தே, அதாவது சற்றே. கேட்கப்படுபவர் யார்? ‘கண்ணு’ என்று அன்போடும், ‘ங்’ என்று மதிப்போடும் அழைக்கப்படுபவர். கேட்டவரின் தேவையும் கேட்கப்பட்டவரின் இழப்பும் அத்தொடரில் வெளிப்படையாக அளந்து வைக்கப்பட்டுள்ளன. ‘அட்சசுட்டுப் பண்ணிக்குங்க’ என்பதில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. நகர்வதா, எழுவதா, மடியில் பையை வாங்கிக்கொள்வதா, பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருப்பதா? எதுவும் சொல்லப்படவில்லை. ஏதோ ஒன்றை இழக்க வேண்டும் என்பது மட்டும் விளங்குகிறது.

பேருந்தை விட்டு இறங்கிப் பட்டறைக்குள் சென்றாலும் அங்கும் இவ்வினையே ஆட்சி செய்கிறது. நீரேற்றும் பொறிகளையும் மாவரைக்கும் பொறிகளையும் நாடெங்கும் அனுப்பும் ஊர் கோவை. அத்தகைய கடைசல் பட்டறை ஒன்றில் மூத்த தொழிலாளி, தொழில் பழகும் இளைஞனிடம், “அந்த மரையைக் கொஞ்சம் அட்சசுட்டுப் பண்ணு” என்கிறார். முடுக்குவதா, தளர்த்துவதா? உயர்த்துவதா, தாழ்த்துவதா? நேராக நிறுத்துவதா, சாய்த்து வைப்பதா? இளைஞன் அவர் முகத்தைப் பார்க்கிறான். ‘முடுக்கு’ என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டு முறை தவறி மூன்றாம் முறை முடிகிறது.

கணக்கு எழுதுமிடத்தில் ‘முன்பணத்தில் அட்சசுட்டுச் செய்து கொள்கிறோம்’ என்கின்றனர். அங்கே அதன் பொருள் கழித்தல். ‘அடுத்த திங்களில் அட்சசுட்டுச் செய்து விடலாம்’ என்றால் ஈடுசெய்தல். ‘நாள் இரண்டு அட்சசுட்டுப் பண்ணுங்கள்’ என்றால் பொறுத்தல். திருமண வீட்டில் மணப்பெண்ணிடம் ‘எல்லாவற்றையும் அட்சசுட்டுப் பண்ணிப் போக வேண்டும்’ என்றால் அதன் பொருள் என்ன? அவ்வினாவுக்கு விடை காண்பதற்குமுன் இச்சொல்லின் பிறப்பை அறிதல் நன்று.

இஃது ஆங்கிலர்க்கும் பிறந்தகச் சொல் அன்று, இரவற் சொல்லே. இலத்தீனில் ‘அட்’ என்பது ஒன்றை நோக்கிச் செல்லுதலைக் காட்டும் முன்னொட்டு. ‘யுக்சுடா’ என்பது அருகில், அடுத்து என்னும் பொருளது. இரண்டும் சேர்ந்து பிற்கால இலத்தீனில் ‘அருகில் கொண்டு வருதல்’ என்னும் வினை பிறந்தது. அது பழம் பிரஞ்சு மொழியில் ‘சேர்த்தல்’ என்றாகி, 14 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. ஏறத்தாழ 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குசெய்தல் என்னும் பொருளோடு மீண்டும் இரவலாக வந்தது. ‘யுக்சுடா’ என்பதன் அடிவேரோ இணைத்தலைக் குறிப்பது. இரண்டு காளைகளைப் பிணைக்கும் நுகத்தடிக்கு ஆங்கிலர் வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இச்சொல்லின் உடன்பிறப்புகளைப் பற்றியது. இடைக்கால ஐரோப்பாவில் குதிரைமேல் ஏறிய இருவர் ஈட்டி ஏந்தி ஒருவரையொருவர் நெருங்கி மோதிய போர்விளையாட்டின் பெயர், அருகில் என்னும் இதே ‘யுக்சுடா’விலிருந்து வந்தது. அதிலிருந்து, கூட்டத்தில் முண்டியடித்தல் என்னும் பொருள்தரும் மற்றோர் ஆங்கில வினையும் கிளைத்தது. பேருந்தில் முண்டியடித்து ஏறுகிறவனும், ஏறியபின் ‘அட்சசுட்டுப் பண்ணுங்கள்’ என்கிறவனும் சொற்பிறப்பு முறையில் ஒருதாய் மக்களாகிவிடுகின்றனர்!

இரண்டாவது செய்தி இதனினும் ஆழமானது. பிரஞ்சு நாட்டில் 16 ஆம் நூற்றாண்டளவில் இச்சொல்லின் உண்மையான மூலம் மறந்து போயிற்று. இலத்தீனில் நேர்மையானது, முறையானது என்று பொருள்படும் ‘யுசுடசு’ என்னும் சொல்லிலிருந்து இது வந்திருக்க வேண்டும் எனக் கருதி, அதற்கேற்ப இதன் வடிவத்தையும் மாற்றிக்கொண்டனர். அஃதாவது, பிறப்பில் நேர்மை என்னும் பொருளே இல்லாத ஒரு சொல்லுக்குப் பிற்காலத்தார் நேர்மை என்னும் மேலாடையைப் போர்த்திவிட்டனர். கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மேலாடை போர்த்திய உருவமே. ‘அட்சசுட்டு’ என்று ஒருவர் சொல்லும்போது ஏதோ முறையானதைத்தான் கேட்கிறார் என்று கேட்பவர்க்குத் தோன்றுகிறது. மேலாடையை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது ‘நெருங்கி வா’ என்னும் ஏவல் மட்டுமே. யார் நெருங்குவது, எவ்வளவு நெருங்குவது, நெருங்குபவர் எதை இழப்பது என்பவை அங்கு இல்லை.

தமிழ் வினைகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினைக்கென்றே வினையியல் என ஓரியல் வகுத்தார். ஒன்றை வேண்டிக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்கள் உண்டென்றும், தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். கேட்பவன் எங்கு நிற்கிறான், கொடுப்பவன் எங்கு நிற்கிறான் என்பதை வினையே காட்டிவிடும் மொழி இது. ஏற்றத்தாழ்வு இருந்த காலத்து ஏற்றத்தாழ்வையும் அது மறைக்கவில்லை, வெளிச்சத்தில் வைத்தது. மறைக்கப்படாத ஏற்றத்தாழ்வை ஒருநாள் எதிர்த்துக் கேட்க முடியும். சொல்லால் மூடப்பட்டதை எங்ஙனம் எதிர்ப்பது?

‘அட்சசுட்டு’ என்னும் ஒன்று விழுங்கிவிட்ட தமிழ் வினைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இஃது இன்னும் விளங்கும். இணங்குதல் என்பது மனம் ஒப்பி உடன்படுதல். ஒத்துப்போதல் இருபாலாரும் செய்வது. பொறுத்தல் என்பது துன்பம் உண்டென்று அறிந்தே அதைத் தாங்குதல். விட்டுக்கொடுத்தல் என்பது தனக்குரிய ஒன்றைத் தானே பிறர்க்கு ஈதல். உரிமை இருந்தது என்னும் உண்மை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. அடங்குதல் என்பது மேலிருக்கும் ஆற்றலுக்குப் பணிதல். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம், ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம், கண்ணோட்டத்திற்கு ஓர் அதிகாரம் எனத் தனித்தனியே வகுத்தார். நான்கும் ஒன்றாயின் அவர் நாற்பது குறள்களைச் செலவிட்டிருக்க மாட்டார். அவர் பிரித்துக் காட்டிய நால்வேறு அறங்களையும் இன்றைய தமிழன் ஓர் ஆங்கிலச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டான்.

ஆங்கிலத்தின் மீது மட்டும் குறை கூறுதலும் முறையன்று. அதற்கு முன்பே ‘அனுசரித்தல்’ என்னும் வடசொல் இவ்விடத்தில் வந்து அமர்ந்திருந்தது. பின்னே செல்லுதல் என்பது அதன் அடிப்பொருள். ‘அனுசரித்துப் போ’ என்றால் பிறர் முன்னே நடக்க நீ பின்னே நட என்பதே. அன்று வடமொழி மணையில் அமர்ந்தது. இன்று ஆங்கிலம் அதே மணையில் அமர்ந்துள்ளது. மணை மட்டும் தமிழனுடையது.

இனி, அம்மணப்பெண்ணிடம் திரும்புவோர்க்கு உண்மை தெளிவாகும். ‘பொறுத்துக்கொள்’ என்று தாய் சொல்லியிருந்தால், “எதைப் பொறுப்பது? அங்கே துன்பம் இருக்கிறதா?” என்று மகள் கேட்டிருப்பாள். ‘விட்டுக்கொடு’ என்று சொல்லியிருந்தால், “எதை விடுவது? என் வேலையையா? என் படிப்பையா? ஏன் நான் மட்டும்?” என்று கேட்டிருப்பாள். ‘அடங்கிப் போ’ என்று சொல்லியிருந்தால் ஒருவேளை சினந்திருப்பாள். சொல்ல வேண்டிய இடத்தில் தாய்க்கே நாக்கு எழாமல் போயிருக்கும். ‘அட்சசுட்டுப் பண்ணிக்கோ’ என்றதனால் தாய்க்கும் உறுத்தல் இல்லை. மகளுக்கும் வினா இல்லை. ஒரு பெண்ணின் வாழ்நாள் இழப்பு ஓசையின்றி முடிந்துவிடுகிறது. தூய தமிழ் என்பது புலவர்தம் பொழுதுபோக்கு என்று நகைப்போர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இதே கொங்கு மண்ணில் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் அமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தரப்படும் என்பது அதன் அமைப்பு. இடையில் வெளியேறியவர்கள் அத்தொகையை இழக்க நேர்ந்ததென்றும், வெளியே சென்றுவரும் உரிமை இறுக்கப்பட்டதென்றும் தொழிலாளர் நல அமைப்புகள் பலகால் எடுத்துக் கூறின. அத்திட்டத்தின் பெயரை உற்று நோக்க வேண்டும். கூலி என்றோ வேலை என்றோ அதில் இல்லை, மங்கலம் இருக்கிறது. உழைப்பவர்க்கு உரியதை மறைக்க வேண்டும் என்றால் முதலில் அவர்க்கு விளங்கும் சொல்லை மறைக்க வேண்டும். வடசொல்லாயினும் ஆங்கிலச் சொல்லாயினும் அவ்வேலைக்குப் பயன்படும்.

இதற்கு எதிர்நிலையில் மற்றொரு காட்சியும் கொங்கில் உண்டு. கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தறிகளை நிறுத்தினர். பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்பது அவர்களின் முறையீடு. ‘பேசிய கூலியைக் கொடு’ என்பதில் மூன்றே சொற்கள். மூன்றும் தமிழ். யார் பேசினார், எதைத் தர வேண்டும், யார் தர வேண்டும் என்பவை அதில் ஐயத்திற்கு இடமின்றி விளங்கின. உரிமை கேட்கும் வாயில் தாய்மொழி தானே வந்துவிடுகிறது. உரிமையை இழக்கச் சொல்லும் வாய்க்குத்தான் அயன்மொழி தேவைப்படுகிறது.

மொழி என்றால் கலக்கத்தான் செய்யும், ஆங்கிலமே உலக மொழிகளிலிருந்தெல்லாம் கடன் வாங்கித்தானே வளர்ந்தது என்பர் சிலர். ஆங்கிலம் கடன் வாங்கியது உண்மையே. ஆனால் அக்கடனை எண்ணி வருந்திய ஆங்கிலரும் இருந்தனர் என்பதை அவர்கள் அறியார். தென்மேற்கு இங்கிலாந்தில் தார்செட்டு வட்டாரத்தில் வாழ்ந்த வில்லியம் பார்ன்சு (1801–1886) என்னும் பாவலர், பள்ளியாசிரியராகவும் இருந்தவர். இலத்தீன், பிரஞ்சுச் சொற்களை நீக்கி, உழவர் வாயில் வழங்கிய பழைய ஆங்கிலச் சொற்களால் எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இலக்கணம் என்பதற்கே ‘பேச்சுத்திறம்’ என்று பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லைப் படைத்து, 1878 இல் வெளியிட்ட தம் நூலுக்கு அதையே பெயராக்கினார். உழவர்க்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் விளங்காத சொல் அவர்களைத் தாழ்த்தி வைக்கும் என்பது அவர் கவலை. கடன் கொடுத்ததாக எண்ணப்படும் வீட்டிலும் இக்கவலை இருந்தது என்க.

மேலும், புதுப்பொருளோடு புதுப்பெயர் வருவது ஒன்று. பழஞ்செயலுக்குப் புதுவினை வருவது மற்றொன்று. பேருந்து இந்நாட்டில் ஓடாத காலம் ஒன்றிருந்தது. அது வந்தபின் அதற்குத் தமிழ்ப் பெயர் படைக்க வேண்டியிருந்தது, படைக்கப்பட்டது, இன்று ஊர்தோறும் பெயர்ப்பலகைகளில் அச்சொல் உள்ளது. ஆனால் நகராத தமிழன், பொறுக்காத தமிழன், விட்டுக்கொடுக்காத தமிழன் எந்தக் காலத்தில் இருந்தான்? இல்லாத குறைக்கு இரவல் வாங்கியது ஏன்?

இதில் வியப்பான ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ‘அட்சசுட்டு’ தமிழில் தனித்து நிற்பதில்லை. நன்னூலார் தமிழ் வினைப்பகுதிகளை 23 ஈறுகளில் அடக்கிக் காட்டினார். அவ்வினைகள் எல்லாம் காலமும் இடமும் காட்டும் இடைநிலை விகுதிகளைத் தாமே ஏற்று நடக்கும். ‘நகர்ந்தான்’ என்போம், ‘அட்சசுட்டினான்’ என்று எவரும் சொல்வதில்லை. அச்சொல்லுக்குத் தமிழ் மண்ணில் கால் இல்லை. ஆகவே ‘பண்ணு’ என்னும் தமிழ் வினையின் தோளில் ஏறி வருகிறது. தூக்கிச் சுமக்கும் அந்தப் ‘பண்ணு’ என்பதன் பழம்பொருள் யாது?

சிலப்பதிகாரக் கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழைக் கையில் எடுக்கும் இடத்தில் யாழிசையின் எட்டுச் செயல்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் முதலாவது ‘பண்ணல்’. இசைக்க எண்ணிய பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை இறுக்கியும் தளர்த்தியும் நிறுத்துதல் என்பது அதன் பொருள். குதிரையையும் யானையையும் தேரையும் செலவுக்கு ஏற்பப் பொருத்தி அணியமாக்குதலும் பழந்தமிழில் பண்ணுதலே. அஃதாவது, ஆங்கிலர் எச்செயலைக் குறிக்க இலத்தீனிடம் கையேந்தினரோ, அச்செயலுக்கே உரிய தமிழ்ச்சொல் பண்ணுதல்! வீட்டுக்குரியவனை மூட்டை தூக்க வைத்து, மூட்டைக்குள் அவன் பொருளையே கட்டி எடுத்து வந்த அயலானின் கதை இது. அச்சிலம்புக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பையினர் என்பது அறிஞர் கொள்கை. இன்றும் கொங்கு உழவர் வேளாண்மையைப் ‘பண்ணையம்’ என்றே வழங்குகின்றனர். கரடு தட்டிய நிலத்தை விளைவுக்கு ஏற்பப் பண்படுத்துவதும் பண்ணுதலின் வழிப்பட்டதே. நரம்பைப் பண்ணினால் இசை; நிலத்தைப் பண்ணினால் விளைவு; மாந்தர் தம்மைப் பண்ணிக்கொண்டால் பண்பு. ஆனால் யாழில் ஒரு நரம்பை மட்டும் அறுந்துபோகும் அளவுக்கு முறுக்கி, ஏனையவற்றை அப்படியே விட்டால் அது பண்ணல் ஆகாது. எல்லா நரம்பும் தத்தம் அளவில் நிற்க வேண்டும். இல்லத்துக்கும் ஆலைக்கும் இது பொருந்தும்.

சொல் படைக்கும் ஆற்றல் கொங்கு நாட்டார்க்கு இல்லை என்று எவரும் கூற இயலாது. சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்த கோவை அவினாசிலிங்கனார் முயற்சியால் 1946 இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் ஈரோட்டு வட்டாரத்தில் பிறந்தவர். பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தவர். இயற்பியலுக்கும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்ச்சொல் தேடிக் கொடுத்த மண்ணில், பேருந்து இருக்கையில் நகர்வதற்குச் சொல் இல்லாமற் போயிற்று என்றால் எவர் நம்புவார்?

வேண்டுவது பெரும்போர் அன்று. நாள்தோறும் ஒரு சிறு விழிப்பு. ‘அட்சசுட்டு’ என்று நாவில் எழும்போது ஒரு நொடி நிறுத்தி, செய்ய வேண்டியது யாது என்று எண்ண வேண்டும். மரையாயின் முடுக்கு, தளர்த்து. கணக்காயின் கழி, ஈடுசெய். இருக்கையாயின் நகர், ஒதுங்கு. உறவாயின் இணங்குவதா, பொறுப்பதா, விட்டுக்கொடுப்பதா என்று தெரிந்து சொல்ல வேண்டும். பிறர் அவ்வாறு சொன்னால், “எதை, எவ்வளவு, யார்?” என்று பணிவோடு கேட்க வேண்டும். பட்டறை மூத்தோர் தம்மிடம் தொழில் பழகுவார்க்கும், ஆசிரியர் தம் மாணவர்க்கும், தாய்மார் தம் பெண்மக்களுக்கும் இவ்வேறுபாட்டைக் கற்பித்தல் கடன்.

கேட்கும் தமிழில் கேட்டால் கொடுப்பவர்க்குத் தாம் கொடுப்பது இன்னதென்று தெரியும். கேட்டவர்க்கும் நன்றி சொல்லத் தோன்றும். “சித்தே அக்கட்ட நகந்துக்குங் கண்ணு” என்ற பாட்டிக்கு இடம் கொடாதவர் அன்று எவரும் இலர். நகர்ந்தவரும் முகம் மலர்ந்தே நகர்ந்தார்.